முளைக்குப் பதில் நின்ற பொறியாளர்

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டிய கட்டுரையை முப்பத்தொரு வயதில் எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் என்ன செய்ய, என் பதவி எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுவிட்டது. வெள்ளம் வந்தது, வெளிநாட்டு உதவி வந்தது, அந்த உதவியோடு ஒரு நிபந்தனை வந்தது, நிபந்தனையோடு நான் வந்தேன். உதவி முடிந்ததும் நிபந்தனையும் போனது, நானும் போனேன். “என்னாடி, ரிட்டையர்டு ஆயிட்டியா?” என்று அம்மா கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் கிடைப்பதில்லை.

நான் படித்த சமூகப்பணித் துறையில் இப்போது படிக்கிற பிள்ளைகள் போன மாதம் பேச அழைத்திருந்தார்கள். இனிமேல் நிவாரணத் திட்டங்களில் மக்களின் புகார்களைக் கைபேசிச் செயலியில் வாங்கப் போகிறார்களாம். படம் எடுத்து அனுப்பினால் போதும். “அப்ப நீங்கள்லாம் நாள் பூரா என்னதான்கா செஞ்சீங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். அங்கே நின்றுகொண்டு சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே.

என் பதவியின் பெயர் குறைதீர்ப்பு அலுவலர். காஞ்சிபுரத்தில், வேகவதி ஆறு பெருகி நெசவுத் தெருக்களில் புகுந்த வெள்ளத்துக்குப் பிறகு, பனி பெய்கிற ஒரு தூர தேசத்து அரசாங்கம் தெருக்களையும் வடிகால்களையும் சீரமைக்க உதவியது. பணத்தைச் செலவு செய்வது நம் அரசுத் துறைகள். நடுவில் எங்கள் திட்ட அலுவலகம். செய்த வேலையில் குறை இருந்தால் மக்கள் யாரிடம் சொல்வது என்று அந்தத் தேசத்துக்காரர்கள் கேட்க, “இந்தப் பெண்ணிடம்” என்று என்னைக் காட்டினார்கள். பயிற்சி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குளிரூட்டப்பட்ட அறை, வட்டமாக நாற்காலிகள், வண்ணத் தாள்களில் அம்புக்குறிகள். பொறுப்புடைமை என்ற சொல்லை நிறைய முறை சொன்னார்கள். எனக்கு நிரம்ப ஆர்வம். மறுநாளே யாராவது என்னிடம் புகார் சொல்லி அழ மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

ஒருவரும் வரவில்லை.

தெரு முனைகளில் நீல நிறத்தில் புகார்ப் பெட்டிகள் மாட்டியிருந்தோம். திறந்து பார்த்தால் கல்யாண மண்டப விளம்பரம், பீடித் துண்டு, ஒருமுறை ஒரு பல்லி. “புகார் எதுவும் இல்லை” என்று நான் அனுப்பிய அறிக்கைக்கு அந்தத் தேசத்திலிருந்து பாராட்டு வந்தது. மகிழ்ச்சியோடு அதை என் மேலதிகாரி சுலோசனா மேடத்திடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “இந்த ஊர்ல மனுஷங்க இருக்காங்களான்னு போய்ப் பாத்துட்டு வா தீபா” என்றார்.

சுலோசனா மேடம் அரசுப் பணியில் பல வெள்ளங்களைப் பார்த்துவிட்டு எங்கள் திட்டத்துக்கு வந்தவர். உயரம் கம்மி, குரல் அதைவிடக் கம்மி. அவர் கோபப்பட்டால் குரல் இன்னும் இறங்கும். ஆகவே அலுவலகத்தில் அவர் பேச்சு கேட்கவில்லை என்றால் எல்லோரும் பயந்தார்கள். யாராவது குறை சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்துவார். “சொல்லாதீங்கம்மா, காட்டுங்க.” அவ்வளவுதான். எழுந்துவிடுவார். சொன்னவர் முன்னால் நடக்க, இவர் பின்னால். கிணறு என்றால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார். கூரை என்றால் ஏணி கேட்பார். பார்த்து முடித்த பிறகுதான் பேனா வெளியே வரும்.

அதிகாரிகளிடம் பேசும்போது அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. “எப்போ முடிப்பீங்க?” என்று கேட்கவே மாட்டார். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது என்பார். “நாளைக்குக் காலையில எங்க நிப்பீங்க?” என்று கேட்பார். இந்தக் கேள்வி எதிரே இருப்பவரை என்னமோ செய்யும். நாற்காலியில் நெளிவார்கள். முதலில் எனக்கு இது புரியவில்லை. பிறகு நானும் முயன்று பார்த்தேன். என்னிடம் எடுபடவில்லை. “வீட்ல நிப்பேன், ஏன்?” என்றார் ஒருவர்.

மனிதர்கள் இருக்கிறார்களா என்று பார்க்கப் போன சுற்றில் முதலில் சிக்கியது கம்பளி. வெள்ளம் வடிந்ததும் அந்தத் தேசத்து மக்கள் அன்போடு அனுப்பிய கம்பளிப் போர்வைகள் கிராமங்களுக்கும் போயிருந்தன. நம் ஊர் வெயிலில் அதைத் தொட்டாலே வியர்க்கும். ஆனால் எங்கள் அறிக்கையில் எல்லாப் போர்வைகளும் பயன்பாட்டில் இருப்பதாக எழுதியிருந்தது. எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாகறல் பக்கம் ஒரு ஜைன விவசாயக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் மரியாதையாக வயலுக்கு அழைத்துப் போனார். கம்பளி பம்புசெட் மோட்டாரின் மேல் கிடந்தது.

“மோட்டாருக்குக் குளிருதுங்களா ஐயா?” என்றேன்.

“நமக்குக் குளிரலியேமா. கொடுத்தவங்க மனசு கஷ்டப்படக் கூடாது, வீணாவும் போகக் கூடாது. சாரல் அடிச்சா இதான் காப்பாத்துது” என்றார் அவர்.

திரும்பி வந்து மேடத்திடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அறிக்கையில பொய் இல்ல பாத்தியா. பயன்பாட்டுலதான் இருக்குது” என்றார். எனக்கு அந்த வேலையின் மேல் உண்மையான ஆசை வந்தது அன்றைக்குத்தான். யாருமே பொய் சொல்லாமல் ஒரு விஷயம் இவ்வளவு தப்பாகப் போக முடியுமா? அப்படியென்றால் வேறு எங்கெல்லாம் போயிருக்கும்?

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுத் தெருவில் அதற்குப் பதில் கிடைத்தது. தெருவின் பெயர் வேண்டாம். எங்கள் திட்டத்தின் பெருமைக்குரிய தெரு அது. புதிய சிமென்ட் சாலை, ஓரத்தில் மூடி போட்ட வடிகால், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வடிகாலுக்கு ஒரு குழாய். எங்கள் திட்டக் கையேட்டின் அட்டையில் அந்தத் தெருவின் படம்தான் இருந்தது.

புகார்ப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது ஒரு வாசலிலிருந்து குரல் வந்தது.

“இன்னா கண்ணு, டெய்லியும் வந்து துறந்து துறந்து பாக்கற. அது இன்னா உண்டியலா?”

அவர்தான் வசந்தா அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்குள் குழித்தறி. குழித்தறி என்றால் தரையில் இடுப்பளவு குழி தோண்டி, நெசவாளர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, குழிக்குள் கால்விட்டு மிதிப்பலகையை மிதித்து நெய்வது. அக்காவின் கணவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் வேலைக்குப் போகிறார். தறியில் அக்காவும், எதிர்ப்பக்கத்துக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள நாத்தனார் செல்வியும்.

“பெட்டியில எழுதிப் போட்டா நாங்க நடவடிக்கை எடுப்போம்கா” என்றேன்.

“பொட்டிக்குள்ள போட்டா யாரு மூஞ்சியப் பாத்துக் கேக்கறது? கேக்கறப்ப அவங்க மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்க வேணாமா?” என்றார் செல்வி உள்ளிருந்து.

இது பயிற்சியில் சொல்லித் தரப்படாத விஷயம். மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மேடம் வழக்கம்போல “காட்டுங்க” என்றார். அக்கா குழியைக் காட்டினார். குழியின் அடியில் மண் சொதசொதவென்று இருந்தது. முந்தின நாள் அரைமணி நேரம்கூடப் பெய்யாத மழை.

வெள்ளத்தில் அக்காவின் தறியில் இருந்த பட்டுப் பாவு முழுகிப்போனது. பாவு என்பது சேலையின் நீளவாட்டு இழைகள். மூன்று சேலைக்கு ஆகும். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. வெள்ளத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது என்று அந்த முறை அவர் விட்டுவிட்டார். ஆனால் ஒன்று சொல்லியிருந்தார். இன்னொரு முறை பாவு கெட்டால் அந்த வீட்டுக்குப் பாவு கிடையாது. அவர் கொடுக்கவில்லை என்று தெரிந்தால் ஊரில் வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள். புதுப் பாவு தறியேறப் போகிறது, ஐப்பசி மழை வரப் போகிறது. அக்காவின் கதை அவ்வளவுதான். அதை அவர் அழாமல் சொன்னார். குழியிலிருந்து ஒரு சட்டித் தண்ணீரை இறைத்து ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“ஆத்துப் பக்கம் இல்ல? ஊத்துத் தண்ணி. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்றார் செல்வி.

மேடம் குழியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். சாலை வாசற்படியைவிட உயரமாக இருந்தது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டிருந்தார்கள். பிறகு என்னிடம் திரும்பி, “கடையில போய்க் கேசரிப் பவுடர் வாங்கிட்டு வா” என்றார்.

“எதுக்கு மேடம்?” என்றேன்.

“ஊத்துத் தண்ணின்னா நிறம் இருக்காது. போ.”

அடுத்த சின்ன மழைக்காகக் காத்திருந்தோம். ஒரு பிற்பகலில் வானம் கருத்ததும் ஓடினோம். தெருவின் மேட்டு முனையில் வடிகால் மூடியைத் தூக்கி, ஓடுகிற தண்ணீரில் பொட்டலங்களைப் பிரித்துக் கொட்டினேன். தண்ணீர் கல்யாணப் பந்திக் கேசரி மாதிரி செக்கச்செவேலென்று ஆனது. மேடம் பள்ள முனையில் குடை பிடித்து நின்றார். வடிகால் அங்கே ஒரு பழைய சிறுபாலத்தில் சேர்ந்து, பெரிய சாலைக்கு அடியில் புகுந்து, கால்வாய்க்குப் போக வேண்டும். மேடம் கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நிறம் வரவேயில்லை.

அப்போது தெருவின் நடுவிலிருந்து செல்வியின் கூச்சல்.

“ஏய் தீபா! சீக்கிரம் வாயேன்! அண்ணிக்குக் கால்ல மருதாணி வெச்சுட்டுது!”

போய்ப் பார்த்தால் குழியில் செந்நிறத் தண்ணீர். வசந்தா அக்கா இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வரை ஆரஞ்சு. வீட்டிலிருந்து வடிகாலுக்குப் போக, குழியின் சுவரில் வாய் வைத்து நாங்கள் போட்டுக்கொடுத்த குழாய் வழியாகத்தான் வடிகால் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

“நீங்க போட்ட பைப்பாம்மா இது?” என்றார் அக்கா, காலைப் பார்த்துக்கொண்டே.

“ஆமாக்கா.”

“நல்லா வேலை செய்யுது.”

மறுநாள் பள்ள முனையில் மூடியைத் திறக்கச் சொன்னார் மேடம். உள்ளே எட்டிப் பார்த்ததை என்னால் மறக்க முடியாது. எங்கள் வடிகால் அழகாக, வழவழவென்று பூசப்பட்டு, முடிந்திருந்தது. அதற்கு அப்பால் ஒரு கை நீளத்துக்கு மண். அந்த மண்ணுக்கு அப்பால் பழைய சிறுபாலத்தின் செங்கல் வாய். அவ்வளவுதான். ஒரு தெருவின் தண்ணீர் முழுவதும் அந்த ஒரு கை மண்ணில் முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த மண் யாருடையது? எனக்கு இதைவிடச் சுவாரசியமான கேள்வி அதுவரை வாய்த்ததில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன். சாலையும் வடிகாலும் போட்ட துறையின் உதவிப் பொறியாளர் குமரேசன் மிக நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், வரைபடத்தை விரித்தார். “இங்க பாருங்க மேடம், எங்க வேலை இந்தக் கோட்டோட முடியுது.” உண்மைதான். சிறுபாலம் இன்னொரு துறையுடையது. அங்கேயும் நல்ல மனிதர்தான். “எங்க பாலம் இந்தக் கோட்டுல ஆரம்பிக்குதும்மா.” அதுவும் உண்மை. இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு கோடுகளும் தொட்டுக்கொள்ளவில்லை. நடுவே கொஞ்சம் வெள்ளைத் தாள். குமரேசன் மண்ணைத் தோண்டினால் இன்னொரு துறையின் பாலத்தை உடைத்தவர் ஆவார். அவர்கள் தோண்டினால் வெளிநாட்டு உதவியில் கட்டியதைச் சேதப்படுத்தியவர்கள் ஆவார்கள். அந்தத் தேசத்துக்கு எழுதினேன். ஒப்பந்தத்தில் இல்லாத இடத்தில் எங்கள் பணத்தைச் செலவிட முடியாது, ஒப்பந்தத்தைத் திருத்தலாம், அதற்கு இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்திட வேண்டும் என்று அன்பாகப் பதில் வந்தது. அதுவும் நியாயம்தான். இல்லாவிட்டால் ஆளாளுக்கு எடுத்துச் செலவு செய்வார்கள்.

மறுபடியும் கம்பளிக் கதைதான். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் யோஹான் வருவதாகச் செய்தி வந்தது. உதவி கொடுத்த தேசத்தின் பிரதிநிதி. மக்கள் புதுச் சாலையைப் பயன்படுத்துவதை நேரில் பார்க்க வேண்டுமாம். மாலை போட்டு வரவேற்க மதியம் ஏற்பாடு செய்யலாமா என்று மேடத்திடம் கேட்டேன்.

“வசந்தாவோட பாவு என்னிக்குத் தோய்றாங்க?”

“வெள்ளிக்கிழமை காலையில.”

“அப்ப வெள்ளிக்கிழமை காலையிலயே வரச் சொல்லு. குமரேசன் சாரையும் கூப்பிடு. அவர் போட்ட சாலைதானே” என்றார். அவர் எதையாவது மனதில் வைத்துச் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

பாவு தோய்வது தெருவின் வேலை. ஒரு வீட்டு வேலை அல்ல. பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை இழையாகப் பிரித்துக் காயவைத்து, சுருட்டித் தறிக்குக் கொண்டுபோவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். நடுவில் எந்த முனையும் தளரக் கூடாது. தளர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால் நெசவுத் தெருவில் பிறந்தவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருப்பார்கள். பாவு தோயும்போது வெறுங்கையோடு பக்கத்தில் போய் நிற்க மாட்டார்கள். நின்றால் யாராவது எதையாவது பிடிக்கச் சொல்வார்கள். பிடித்தால் முடிகிற வரை விட முடியாது.

குமரேசன் திண்டிவனத்துப் பக்கம். யோஹான் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டேன்.

இருவரும் வந்து தெருவின் மேட்டு முனையில் நின்றார்கள். மேடம் பக்கத்தில் ஒரு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். மறுமுனை பள்ளத்துப் பக்கம் ஒரு வேப்பமரத்தில் கட்டியிருந்தது. யோஹான் நெட்டையான, அமைதியான மனிதர். பட்டு இழைகள் காலை வெயிலில் மின்னுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இந்த முனையில் பாவைக் கட்டிய மூங்கிலை இரண்டு பெண்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வசந்தா அக்கா நேரே குமரேசனிடம் வந்தார்.

“சார், இத்தக் கொஞ்சம் புடிங்க.”

அவர் பிடித்தார். செல்வி யோஹானின் கையில் மூங்கிலின் மறுபக்கத்தைக் கொடுத்தார். “நீயும் புடி சாமி. புடிச்சுக்கோ. ஆங், சாஞ்சு இழு.” அதுவரை பிடித்திருந்த இரண்டு பெண்களும் கையைத் தட்டிக்கொண்டு கஞ்சிச் சட்டியை நோக்கிப் போய்விட்டார்கள். புகைப்படத்துக்காக என்று இருவரும் நினைத்திருக்க வேண்டும். சிரித்தார்கள். நானும் படம் எடுத்தேன்.

கொஞ்சம் கழித்து குமரேசன் மெல்ல, “போதுங்களாம்மா? யாராவது வாங்கிக்கிறீங்களா?” என்றார்.

“ஐயோ, விட்டுடாதீங்க சார்! பாவு பின்னிக்கும்!” என்று தெருவே கத்தியது.

யோஹான் என்னைக் கேட்டார்: இவர்கள் ஏன் ஒரு முளை அடித்து அதில் கட்டக் கூடாது? நல்ல கேள்வி. அதை அப்படியே தமிழில் கேட்டேன்.

வசந்தா அக்கா இழையைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. “அடிச்சுக்கினுதான் இருந்தோம். மண்ணு ரோட்டுல, தார் ரோட்டுல எல்லாம் முளை அடிச்சோம். சார் போட்ட சிமென்ட்டுல கடப்பாறையே எறங்க மாட்டுது. அதான் இப்ப ஆளுங்களையே முளையா நிறுத்தறோம்.”

“நல்ல ஸ்ட்ராங்கான ரோடுன்னு சொல்லு” என்றார் செல்வி என்னிடம். “அந்தப் பேரு சாருக்குக் கெடைக்கட்டும்.”

மொழிபெயர்த்தேன். யோஹான் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். மூங்கில் ஆட, “நேரா! நேரா!” என்று அதட்டினார் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்த பெரியவர்.

இப்போது இரண்டு பேரின் கைகளும் கட்டிப்போட்டது போலத்தான். எதிரே தெரு நீளத்துக்கு இரண்டு வரிசையில் முகங்கள். அக்கா பேச ஆரம்பித்தார். சத்தமில்லாமல், இழை மேல் கண் வைத்து.

“சார், இந்தப் பாவு என்னுது. மதியானம் என் தறியில ஏறிடும். அடுத்த மழைக்கு உங்க பைப்புல தண்ணி வரும். குழி ரொம்பி, மேல ஏறி, பாவு நனையும். அதுக்கப்புறம் எனக்குப் பாவு தர மாட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும்?”

“அம்மா, எங்க வேலை அந்தக் கோட்டோட...”

“தெரியும் சார். தீபா சொல்லிச்சு. உங்க கோடு உங்களுக்குத் தெரியுது. அவங்க கோடு அவங்களுக்குத் தெரியுது. தண்ணிக்கு யாரு படம் போட்டுக் காட்டுவாங்க?”

வரிசையில் சிரிப்பு ஓடியது. யோஹான் என்னவென்று கேட்டார். சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அந்த மண் எவ்வளவு அகலம் என்று கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் என் கையையும் குமரேசனையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பணம் அங்கே வர முடியாது என்று மெதுவாகச் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன்.

“பணம் யாரு கேட்டாங்க? மம்முட்டி எங்ககிட்டயே இருக்குது” என்றார் செல்வி. “வெட்டிடுவோம். அப்புறம் கேசு கீசுன்னு வந்தா?”

குமரேசனுக்கு நெற்றியில் வியர்வை. துடைக்கக் கை இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டென்று, “தீபா மேடம், என் பாக்கெட்ல போன் இருக்கு. எடுங்க. பாலத்து இன்ஜினியருக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார்.

எடுத்து அவர் வாய்க்கு நேரே பிடித்தேன். அந்தப் பக்கத்துப் பொறியாளர், “சொல்லுங்க குமரேசன், என்ன பக்கத்துல ஒரே சத்தம்?” என்றார்.

“தெரு சார். தெரு பூராவும் இருக்குது. நான் பாவு புடிச்சிக்கினு இருக்கேன்.” எங்கள் ஊர்ப் பேச்சு அவர் வாயில் எப்போது ஏறியதென்று தெரியவில்லை. “அந்த மண்ணை எடுக்கணும் சார். இன்னிக்கு எடுக்கணும்.”

“எழுத்துல ஒண்ணு கொடுத்துடுங்களேன்.”

“கை ரெண்டும் மாட்டிக்கிச்சு சார்.”

சிரிப்பு அடங்க நேரம் ஆனது. அந்தப் பக்கத்திலும் சிரிப்புக் கேட்டது. பிறகு, “சரி, நீங்க எடுத்துக்குங்க. நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன்.”

குமரேசனின் முகம் தெளிந்தது. ஆனால் அதுவரை படியிலேயே உட்கார்ந்திருந்த மேடம் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

“சார், சுலோசனா பேசறேன். நீங்க பாக்கலைன்னா நாளைக்கு இவர் மாட்டுவார். நீங்க பாக்கணும். இன்னிக்கு மூணு மணிக்கு எங்க நிப்பீங்க?”

அந்தப் பக்கம் நெளிவது போனிலேயே தெரிந்தது. நாற்காலி முனகுகிற சத்தமா, அவரா, தெரியாது. கடைசியில், “பாலத்துக்கிட்ட நிக்கறேன் மேடம்” என்றார்.

பாவைச் சுருட்டிய பிறகுதான் இருவரையும் விட்டார்கள். யோஹானின் உள்ளங்கை சிவந்திருந்தது. அவர் அதைத் தேய்த்துக்கொண்டே, ஊருக்குப் போனதும் இரண்டு வரைபடங்களையும் கேட்டு வாங்கப் போவதாகச் சொன்னார். பிறகு, எங்கள் அடுத்த தெருக்களில் வடிகால் எங்கே முடிகிறது என்பதோடு, முடிந்த இடத்தில் என்ன ஆரம்பிக்கிறது என்றும் வரைபடத்தில் காட்டச் சொல்லி அங்கிருந்து விதி வந்தது. அது அவருடைய வேலை என்று நினைக்கிறேன்.

மூன்று மணிக்கு இரண்டு பொறியாளர்களும் பள்ளத்தில் நின்றார்கள். இரண்டு துறைக் கூலியாட்களும் ஆளுக்கொரு பக்கம் வெட்டினார்கள். மண் போனதும் செங்கல் வாய்க்கும் எங்கள் வடிகாலுக்கும் நடுவே ஒரு குழாயைப் பதித்து மூடினார்கள். வேலை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. இரண்டு பேரும் அங்கேயே நின்று ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டார்கள். ஆனால் கால்வாய் அதை வாங்குமா, நிரம்பினால் எதிர்த்துத் தள்ளுமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. “பெய்யட்டும், பாப்போம்” என்றார் மேடம். அவரே அப்படிச் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு பகல், வானம் பிளந்த மாதிரி பெய்தது. அலுவலகத்திலிருந்து மழைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். யாரும் அனுப்பவில்லை, யாரும் கூப்பிடவில்லை. வண்டி பாதி வழியில் நின்றுவிட, நடந்தேன். பள்ள முனையில் சிறுபாலத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கிழிந்த குடையோடு குனிந்து கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமரேசன். முழங்கால் வரை சேறு.

“சார், நீங்க எப்ப வந்தீங்க?”

“ஆபீஸ்ல உக்கார முடியல மேடம். போகுது பாருங்க... போயிக்கினுதான் இருக்குது. ஆனா இங்க போறதைப் பாத்து என்ன பிரயோசனம்? அங்க வருதான்னு பாக்கணும். எனக்கு அந்த வீட்டுக்குப் போகத் தைரியம் இல்ல. நீங்க போய்ப் பாருங்க.”

ஓடினேன். சாலையில் தண்ணீர் வழிந்து வடிகால் மூடிகளின் துளையில் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள். உள்ளே தறிச் சத்தம். நெய்துகொண்டிருந்தார்கள்.

“அக்கா, வந்துச்சா?”

“என்ன ஏன் கேக்கற? குழிய கேளு.” அக்கா நாடாவை எறிந்துகொண்டே கால் ஒன்றை ஒதுக்கி வழிவிட்டார்.

தரையில் குப்புறப் படுத்து, பாவில் தலை படாமல், கையைக் குழிக்குள் விட்டேன். விரல் அடி மண்ணைத் தொட்டது. பொடி. கையை எடுத்துப் பார்த்தேன். நகத்தில் உலர்ந்த மண். மறுபடியும் விட்டு, குழாய் வாயைத் தடவினேன். ஈரம் இல்லை.

“காஞ்சு கெடக்குதுக்கா.”

“அதான் காலு சொல்லுதே. நீ வேற கைய விட்டுப் பாக்கற” என்றார் அக்கா. ஆனால் அவர் நாடாவை எறிவதை நிறுத்தியிருந்தார். இரண்டு கைகளும் பாவின் மேல் இருந்தன.

வாசலில் குரல் கேட்டது. “அம்மா, உள்ள வந்துச்சாம்மா?” தைரியம் இல்லை என்றவர் என் பின்னாலேயே வந்துவிட்டார். குடை மடங்கிப் போயிருந்தது. தலையிலிருந்து கால் வரை ஊற்றிக்கொண்டிருந்தது.

“வரல சார். ஏன் மழையில நின்னுக்கினு, உள்ள வாங்க” என்றார் அக்கா.

குமரேசன் முகம் மலர மண்மூட்டையைத் தாண்டி, நேரே தறியை நோக்கி வந்தார். சட்டையிலிருந்தும் கால்சட்டையிலிருந்தும் தண்ணீர் கோடாகத் தரையில் ஓடி, குழியின் விளிம்பைத் தொட்டது.

“ஐயய்யோ சார், அங்கியே நில்லுங்க!” என்று அலறினார் செல்வி. “தெரு பூரா தண்ணி வந்தும் உள்ள வரல, நீங்க கொண்டாந்து ஊத்தறீங்களே!”

அவர் ஒரு கால் தூக்கியபடி அப்படியே நின்றார்.